ஒற்றைப் பொட்டு, இரட்டைப் பொட்டு

வருகைப் பதிவேட்டில் ‘எஸ். பரிபூரணம், துப்புரவுப் பணியாளர்’ என்று இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, விளக்குமாறு சாத்தியிருக்கும் மூலையைத் தேடுவார்கள். பரிபூரணம் அங்கே இருக்க மாட்டார். கல்லாவுக்கு வலப்புறம் மர ஸ்டூலில் உட்கார்ந்து, தென்காசியிலிருந்து வந்த லாரி மெக்கானிக் நீட்டிய பல்சக்கரத்தைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“இது அந்த வீட்டுப் பிள்ள இல்லையே. எங்க எடுத்த?”

“வண்டியில இருந்துதான்க்கா கழட்டுனேன்.”

“வண்டியில இருந்தா அந்த வீட்டுப் பிள்ளையாயிருமா? எவனோ முந்தியே கொண்டாந்து விட்டிருக்கான். மூணாவது தட்டுல நீலப் பெட்டி, எடுத்துட்டு வா.”

மூன்றாவது தட்டில் நீலப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் சரியான பிள்ளை இருக்கும்.

ராஜபாளையத்தில் அந்த உதிரிபாகக் கடைக்கு அவர் வேலைக்கு வந்தது 1989இல், கூட்டிப் பெருக்கத்தான். கூட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மிச்சப் பொழுதில் பெட்டிகளைப் பிரித்து, உள்ளிருப்பதை எடுத்துத் துடைத்து, திரும்ப வைப்பார். வேறு யாரும் செய்யாத காரியம் இது. மெக்கானிக்குகள் தங்களுக்கு வேண்டிய பாகத்தை மட்டும் தொட்டார்கள். முதலாளி பெட்டியின் மேல் இருந்த விலையை மட்டும் பார்த்தார். கடையிலிருந்த எல்லாவற்றையும் கையில் எடுத்தது அவர் ஒருவர்தான். ஆங்கிலம் வாசிக்க வராது. எடையும் விளிம்பும் வாசனையும் போதும். “எண்ணெய் நாத்தத்துலயே தெரியும், எந்த ஊரு சாமான்னு” என்பார்.

இத்தனை வண்டிகளின் வயிற்றை அறிந்தவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. செட்டியார்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறார். வருகிற வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து இறக்குவதில்லை. ஜீப்புக்குள் ஏறியதே கிடையாது. “எனக்கு என்ன, அதுல உக்காந்து ஊர்வலமா போகணும்?” என்று கேட்பார்.

இன்னொரு விநோதமும் உண்டு. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பாகங்கள் கடைக்கு வந்தால், குழப்பம் வராமலிருக்க ஒன்றில் ஒரு சிவப்புப் பொட்டும் மற்றதில் இரண்டு பொட்டும் வைத்துவிடுவார். வைப்பது நகப்பூச்சால். இளவயதில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போட்ட கடைகளில் ஆசைப்பட்டு ஒரு குப்பி வாங்கினாராம். கையில் போட்டுக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகும் சபையில் முகம் சுளிப்பார்கள் என்று பயம். தூர எறியவும் மனசு இல்லை. விரலுக்குக் கிடைக்காத அலங்காரம் இரும்புக்குக் கிடைத்தது. குப்பி தீரத் தீர அதே நிறத்தில் வாங்கிக்கொண்டேயிருக்கிறார். இன்றுவரை ஒரு நகத்திலும் அது பட்டதில்லை.

கடையில் அவர் அதிகம் தொட்ட பொருள், கடையில் விற்கவே விற்காத பொருள். எஸ்டேட் வண்டிகளுக்குக் குளிர்காலத்தில் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நம்பி, பெரிய முதலாளி இரண்டு ஹீட்டர் செட் வரவழைத்தார். ஒன்று பழைய ஜீப்புக்கு, ஒன்று லாரிக்கு. பங்குனி வெயிலில் தார் இளகி செருப்பைப் பிடித்துக்கொள்ளும் ஊரில், வண்டிக்குள் சூடு பண்ணும் கருவி! பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பரிபூரணம் இரண்டையும் பிரித்துத் துடைத்தார். தகரக் கூடு, அதற்குள் என்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வந்து போகும் ஒரு குட்டி ரேடியேட்டர், பின்னால் காற்றடிக்க ஒரு விசிறி. இரண்டு செட்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஜீப்புடையதற்கு எல்லாப் பாகத்திலும் ஒரு பொட்டு, லாரியுடையதற்கு இரண்டு.

கடைசியில் ஜீப் செட் மட்டும் விற்றது. வாங்கியவர் மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர். லாரிப் பெட்டியைப் பெரிய முதலாளி கம்பி போட்டு இறுக்கி, மேல் தட்டில் ஏற்றினார். அன்றிலிருந்து பரிபூரணம் பெட்டிக்கு வெளியே மட்டும்தான் துடைத்தார்.

அதன்பிறகு இருபத்தெட்டு வருடம் ஹீட்டர் பற்றி யாரும் பேசவில்லை. போன மார்கழியில் ஜெபின் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை வைத்திருப்பவன், வயது இருபத்தொன்பது. பேசாமல் வேலை பார்ப்பதால் திறமைசாலி என்று பெயர் எடுத்தவன். அன்று கடை வாசலில் நின்று, உள்ளே வராமலே பேசினான்.

“யக்கா, என்னையத் திருடன்னு சொல்றாங்கக்கா.”

சொன்னவர் லிங்கேஸ்வரன், சிவில் வழக்கறிஞர். தோட்டக்காரப் பெரியவரின் மகன். தகப்பனாரின் ஜீப்பைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, கொடைக்கானலில் நடக்கும் பழைய வண்டிகள் அணிவகுப்பில் ஓட்ட ஆசைப்பட்டார். அங்கே நடுவர்கள் திருகாணி வரைக்கும் அசல்தானா என்று பார்ப்பார்களாம். ஜெபின் மூன்று மாதம் உழைத்து வண்டியை உயிர்ப்பித்தான். முதல் ஓட்டத்தில் வக்கீல் ஹீட்டரைத் திறந்தார். விசிறி கொட்டாவி விடுவதுபோல் சுற்றியது. ரப்பர்க் குழாய் பிய்த்துக்கொண்டு கொதிநீர் அவர் வலது காலில் ஊற்றியது.

மதுரையில் கொண்டுபோய்க் காட்டியதில், உள்ளே இருப்பது லாரிச் சாமான் என்று சொல்லிவிட்டார்கள். லிங்கேஸ்வரன் கோபக்காரர் அல்லர்; ஆதாரத்தின் பிரியர். தகப்பனார் பத்திரப்படுத்திய ரசீதில் ‘ஜீப் ஹீட்டர் செட், முழுமை’ என்று இருந்தது. வண்டியில் இருப்பது லாரிப் பாகம். நடுவில் கை வைத்தவன் ஜெபின். ஆக, அசலை உருவிவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று பட்டறையிலும் ராஜபாளையத்தில் இரண்டிலும் இதைச் சொல்லிவிட்டார். ஜெபின் பட்டறையில் நின்ற நாலு வண்டிகளை உரியவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். சனிக்கிழமைக்குள் அசல் பாகம் வராவிட்டால் போலீசில் புகார்.

“நீங்க ஒருக்க வந்து பாருங்கக்கா. உங்க கடைச் சாமான். நீங்க சொன்னா அவரு கேப்பாரு.”

கேட்பார்தான். அந்தக் கடையில் ‘எங்களிடம் வாங்கிய பாகம் பொருந்தாமல் போனதில்லை’ என்று பெரிய முதலாளி எழுதி மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது. அந்த வாசகத்துக்குக் காரணம் யார் என்பது சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கெல்லாம் தெரியும்.

சனிக்கிழமை காலை, எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். வக்கீல் வீட்டு முற்றத்தில் ஜீப் நின்றது. கழற்றிய ஹீட்டரை ஒரு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருந்தார்கள். வக்கீல் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறையில் ரசீது.

“நல்லாப் பாருங்கம்மா. எங்கப்பா இதை மாட்டினதுல இருந்து சூடே வரலைன்னு திறக்காமலே விட்டுட்டாரு. பிரிச்சது இவன் ஒருத்தன்தான்.”

“நான் தொடச்சு மாட்டுனேன், அம்புட்டுதான்க்கா. சத்தியமா.”

“ஏலே, செத்த நேரம் சும்மா இரு.”

பரிபூரணம் குட்டி ரேடியேட்டரைத் தூக்கி உள்ளங்கையில் எடைபோட்டார். அதன் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டார். ஜீப் குழாயில் முதல் கணு வரை போகும். இதில் நகத்தோடு நின்றுவிட்டது. விசிறியை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார்.

“வக்கீலய்யா சொன்னது சரிதான். கூடுதான் ஜீப்போடது. உள்ள இருக்க ரெண்டும் லாரியோடது. அந்த விசிறிக்கு ரெண்டு பேட்டரி வேணும், இங்க ஒண்ணுதான இருக்கு. கொழாயும் சன்னம். ஜீப்போட பெரிய ரப்பர் ஓஸ மாட்டுனா நிக்காது.”

வக்கீல் தலையசைத்தார். ஜெபின் ஜீப்பின் மட்கார்டில் சாய்ந்து, தான் பூசிய புதுப் பெயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் காப்பாற்ற வந்தவர் அவன் கதையை முடித்துவிட்டார்.

வழக்கப்படி பரிபூரணம் கையிலிருந்ததைத் திருப்பி, அடிப்பக்கத்து அழுக்கை முந்தானையால் துடைத்தார். பித்தளையின் மேல், பழுப்பேறிய இரண்டு பொட்டுகள். கூட்டை எடுத்து உட்புறம் பார்த்தார். ஒரு பொட்டு.

“இது என்னன்னு நெனச்சலே?”

“கம்பெனி மார்க்குன்னு நெனச்சு, அழிக்காம விட்டேன்க்கா.”

அந்தப் பொட்டுகளின் பொருள் தெரிந்த இன்னொருவர் பெரிய முதலாளி. அவர் போய்ப் பத்து வருடமாகிறது. பரிபூரணம் அதை மேசையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருந்தால், அவர் சொன்ன ஒரு வார்த்தையும் பொய்யாகியிருக்காது.

“ஐயா, பில்லுல தேதி என்ன போட்டிருக்கு?”

“இருபத்திமூணு, பத்தாம் மாசம், தொண்ணூத்தாறு.”

ஆயுத பூஜை முடிந்த கையோடு விற்றது. பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைப்பது வருடா வருடம் பரிபூரணம்தான்; விபூதி சந்தனம் தொடமாட்டாரே தவிர, அந்தச் சாமிக்கு அவரளவு உழைத்தவர் கிடையாது. அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு ஹீட்டரும் பிரித்தபடி கோணியில் காய்ந்தன. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம். பெரிய முதலாளி சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெலுங்கில் “தொந்தரகா, தொந்தரகா” என்று விரட்டினார். பரிபூரணம் அள்ளி அள்ளி உள்ளே வைத்து மூடினார். பொட்டுப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார். வாங்கி முழுவதும் குடித்து, சொம்பைக் கீழே வைத்தார்.

“இத மாத்துனது இவனில்ல. நான்.”

வக்கீல் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார். “என்னம்மா சொல்றீங்க? பாவம் பாத்துப் பழியை ஏத்துக்கறீங்களா? ஆதாரம் வேணும்.”

“கடையில மேல் தட்டுல லாரிப் பெட்டி கம்பி கட்டுனபடி கெடக்கு. தொறங்க. கூட்டுல ரெண்டு பொட்டும், உள்ள இருக்கதுல ஒத்தப் பொட்டும் இருக்கும். இல்லேன்னா நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க, நானும் கூட வாரேன்.”

கழற்றிய ஹீட்டரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கடைக்குக் கிளம்பினார்கள். வக்கீலுக்குக் காலை ஊன்ற முடியாததால், திருடன் என்று சொன்னவனிடமே சாவியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பரிபூரணம் முதன்முதலாக ஒரு ஜீப்புக்குள் உட்கார்ந்தார். வன்னியம்பட்டி வரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, “கியர்ப் பெட்டியில ஒரு பல்லு முனங்குது, பாத்துக்க” என்றார்.

கடையை இப்போது நடத்தும் சின்ன முதலாளிக்கு விஷயம் விளங்கியதும் முகம் கறுத்தது. “யக்கா, நம்ம போர்டுல என்ன எழுதியிருக்கு, அத நெனச்சீங்களா?”

“போர்டத் தொடைக்கதும் என் வேலதான முதலாளி? குறடக் குடுங்க.”

கம்பியை ஜெபின் வெட்டினான். இருபத்தெட்டு வருடமாக வெளியே தூசியே படாத பெட்டி. உள்ளே கூட்டில் இரண்டு பொட்டு. ரேடியேட்டரிலும் விசிறியிலும் ஒவ்வொன்று, நேற்று வைத்ததுபோல் சிவப்பாக. ஜெபின் குழாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். முதல் கணு வரை போயிற்று. விரலை எடுக்காமல் அப்படியே நின்றான்.

வக்கீல் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தார். “சரி தம்பி. சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“எங்க சொன்னீங்களோ அங்க வாங்கணும்லா?” என்றார் பரிபூரணம்.

“கால் ஆறட்டும்மா, ஒவ்வொரு இடமாப் போய்...”

“அதுக்குள்ள இவன் பட்டறையில நாய் குட்டி போட்டுரும்.” செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஜெபின் வாசலில் மறித்தான். “வேண்டாம்க்கா. நீங்க தப்பா எடுத்துக் குடுத்ததே இல்லன்னு ஊரே சொல்லுது. பேரு கெட்டுரும்.”

“எம்பேரா? ரிஜிஸ்டர்ல போய்ப் பாரு. கூட்டிப் பெருக்குறவள்னு போட்டிருக்கு. அதுல கெடுறதுக்கு என்னலே இருக்கு? தள்ளு.”

ஒற்றைப் பொட்டு ரேடியேட்டரை ஒரு துணிப்பையிலும், இரட்டைப் பொட்டை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் ஜீப்பிலேயே கிடந்தது. அன்று மாலைக்குள் ராஜபாளையத்தில் இரண்டு பட்டறைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று பட்டறைக்கும் போய், இரண்டு பாகங்களையும் எடுத்து வைத்து, மாற்றி வைத்தது ஜெபின் இல்லை, தான்தான் என்று பரிபூரணம் சொன்னார்.