நடு வட்டத்தில் பெங்களூர்

அடுத்தவர் குழப்பத்தைப் படமாக வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கிழக்கேகோட்டையில் ஒரு கவுன்சலிங் சென்டர். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் பிரச்சினை, சுற்றிலும் கிளைகள். மைண்ட் மேப் என்பார்கள். என் சொந்த மேப் மூன்று வாரமாக வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது: பெங்களூரில் பெரிய வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போவதா வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னைப் போல ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

கோமதி மாமி கைவைத்த மேப்

ஸ்ரீவராகம் கோமதி மாமிக்கு மெல்பர்னில் இருக்கும் மகனிடம் போவதா, இங்கேயே இருப்பதா என்று குழப்பம். போனால் என்னென்ன, போகாவிட்டால் என்னென்ன என்று பத்துக் கிளை வரைந்தோம். மாமி கையில் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, "நிதானமா யோசிச்சு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு போன் பேசப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், பத்து நுனிகளையும் வளைத்து வளைத்துக் கோர்த்து அருமையான சிக்குக் கோலம்! மெல்பர்ன் குளிரில் கிளம்பிய கோடு நேராகக் கோவில் தரிசனத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. மாமிக்குப் பரம திருப்தி. "நுனியெல்லாம் அந்தரத்துல விட்டா பாக்க நன்னாவா இருக்கு? அதான் சேத்துட்டேன், கேட்டேளா!"

முருகேசனின் பொட்டலங்கள்

முருகேசன் சங்கரன்கோவில்காரர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். துபாய் போவதா, சொந்தமாகக் கடை போடுவதா, இங்கேயே தொடர்வதா, ஊருக்கே திரும்புவதா? ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி நாலு கிளையையும் அலசினோம். மேப்பைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேப்போடு திரும்பி வந்தார். மனிதர் நேராகக் கோவிலுக்குப் போயிருக்கிறார், பூக்கட்டிப் பார்க்க. போவதற்கு ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, வேண்டாம் என்பதற்கு இன்னொன்றில் சிவப்புப் பூ என்று இரண்டு கட்டி, சாமி முன்னால் ஒன்றை எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். நாலு கிளைக்கு என்ன கட்டுவது? "நாலு பொட்டலம் போட்டா சாமி கொழம்பிரும் மேடம். நீங்க ரெண்டாக் கொறச்சுத் தாங்க, மிச்சத்த அவரு பாத்துக்கிடுவாரு."

ஷீபா கேட்டது

ஷீபா எங்கள் ரிசப்ஷனிஸ்ட். புதன்கிழமை நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "மத்தவங்களுக்கு எல்லாம் ஒன்றரை மணிக்கூர்ல தீர்த்து விடுறீங்களே மேடம், உங்களுக்கு ஒரு அப்பாயின்மென்ட் போடட்டா?"

ஃப்ரிட்ஜ் கதவு

வியாழக்கிழமை காலை என் கணவர் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு இங்கே அரசாங்க வேலை. பெங்களூருக்கு மாற்றல் கிடையாது. மீனை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனவர் கதவருகே நின்று, மூன்று வாரமாகக் கண்டுகொள்ளாத மேப்பை அன்றுதான் படிக்க ஆரம்பித்தார். சம்பளம், டிராபிக், தண்ணீர், மகளின் ஸ்கூல், நல்ல மீன் கிடைக்குமா என்று மொத்தம் எட்டுக் கிளை.

"இந்த முடிவு யாரையெல்லாம் பாதிக்கும்? முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள்." வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் வாக்கியமே இதுதான். அவர் விரல் ஒவ்வொரு கிளையாக நகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை, சாவதானமாகத்தான் கேட்டார்: "மீனுக்குக்கூட ஒரு கிளை இருக்கு. எனக்கு எங்க?"

மறுநாள் பெங்களூருக்கு 'வர இயலவில்லை' என்று எழுதிவிட்டேன். அதற்கு மேப்பும் வேண்டியிருக்கவில்லை, பூவும் வேண்டியிருக்கவில்லை, மீன் வாங்குவது மட்டும் இன்றைக்கும் அவர்தான்.