பல்பொடி விளம்பரத்துக் குருவி

அப்போது நான் ஸ்ரீராம்புரத்தில் ஒரு டாக்கீஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அங்கே வரும் ஒல்லியான ஓவியர் ஒருவர், எந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தாலும், பக்கங்களில் படம் ஓடுகிற மாதிரி அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று தள்ளிப் பார்ப்பார். பல்பொடி விளம்பரம் ஒன்றுக்காக, குருவி பறக்கிற மாதிரி ஒரு வருஷம் உட்கார்ந்து படம் படமாக வரைந்திருந்தார். திரையில் அது அரை நிமிஷம்தான். ஜனங்கள் இடம் தேடி முட்டிக்கொள்ளும் நேரம்.

முதல் காட்சி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"குருவியைப் பாத்தீங்களா சார்?"

விளம்பரம் ஓடியபோது டார்ச் அடித்து இடம் காட்டிக்கொண்டிருந்த நான், "பாத்தேன் சார், ஜோரா இருந்துச்சு" என்றேன்.

"எந்தப் பக்கமா பறந்துச்சு?"

நான் தலைகுனிந்தேன்.

"பரவால்ல சார். கேட்டவங்க எல்லாரும் ஜோருன்னுதான் சொன்னாங்க."

மறுநாள் திரையைப் பார்த்தே நின்றேன். விளம்பரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். அவரும் அப்புறம் வரவில்லை. அந்தக் குருவி எந்தப் பக்கம் பறந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.