முள் பூஜ்யத்தில் நின்றபோது

குரல் பதிந்து கொடுக்கும் தொழிலில் மாட்டிக்கொண்ட என் இனத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வருகிறவர் யாரும் நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், பெட்டியில் ஆடும் முள்ளைப் பார்த்துத்தான் பேசுவார்.

உத்திரமேரூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே எங்கள் அறை. கடை சபீரா அக்காவின் அத்தாவுடையது, அறை அக்காவுடையது, வாய் என்னுடையது. வண்டியில் விற்கிறவர்களின் கூவலைப் பதிந்து மெமரி கார்டில் போட்டுத் தருகிறோம். கூவ வராதவர்களுக்கு நான் கூவுவேன். தலைமையாசிரியர் குரலில் மைக்கில் பேசிப் பள்ளிக்கே அரைநாள் லீவு விட்டவள் நான்.

பழங்கால மாடலில் அக்கா தானே ஒரு கம்ப்ரசர் செய்திருந்தாள். யாராவது திடீரென்று கத்தினால், வண்டி ஹார்ன் ஸ்பீக்கர் அலறாதபடி சத்தத்தை அமுக்கும் பெட்டி அது. முள் பூஜ்யத்தில் நின்றால் பெட்டி சும்மா இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்தால் அந்த அளவுக்கு அமுக்குகிறது. ஆனால் எங்கள் முள் பொய் சொன்னது. மாகறல் தயிர்க்கார ஏழுமலை அண்ணனோ அடுத்த வாரம் வருவதாக இருந்தார். அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்கப்புறம் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். குரலை வண்டியிலாவது வைத்துக்கொள்ள நினைத்தார். எவ்வளவு அமுக்குகிறோம் என்றே தெரியாமல் பதிந்து, அது தட்டையாகிப் போனால், திரும்பக் கூவ அவரிடம் குரல் இருக்காது.

வாய் திறக்குமுன்னே

அதற்கு முன் காவாந்தண்டலத்திலிருந்து தக்காளி விற்கும் மங்காம்மா வந்தார். பெட்டியைப் போட்ட உடனேயே அக்கா முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியிருந்தாள். பெட்டி சூடாகச் சூடாக முள் தானாகவே இடது பக்கம் நகர்ந்தது. சூடான பிறகுதான் முள்ளின் திருகாணியைத் திருக வேண்டும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மங்காம்மா அந்த முள் எதற்கு என்று கேட்டார். பேசுகிறவரை எவ்வளவு அமுக்குகிறோம் என்று அது காட்டும் என்றாள் அக்கா. அவர் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார். “நான் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள அமுக்கிக்கினு கீது. எங்க வூட்ல வந்து கத்துக்கினு போச்சா?”

மூச்சு வாங்கிய டோன்

மறுநாள் பெட்டியை நன்றாகச் சூடாக்கி, சின்ன டெஸ்டரால் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். அடுத்தது டோன். ஒரே சீராக ‘ஊ’ என்ற சத்தத்தை விட்டு, வெளியே வரும் சத்தம் குறைகிற அளவுக்கே முள்ளும் சாய்கிறதா என்று பார்த்துத் திருக வேண்டும். அக்காவின் போன் மைக் முன்னால் ‘ஊ’ என்றது. அக்கா எனக்கு முதுகைக் காட்டிப் பெட்டிமேல் குனிந்திருந்தாள்.

இப்படி ஒரு சந்தர்ப்பத்தை விடலாமா? போனை நிறுத்திவிட்டு நானே ‘ஊ’ என்றேன். அக்கா மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் பிதுங்கி மூச்சு முட்டியது. சத்தம் தேயத் தேய முள் மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அக்கா திரும்பக்கூட இல்லை. “முள்ளு உண்மைய சொல்ல ஆரம்பிச்சிடுச்சு பாத்தியா, நீ மூச்சு வாங்கறது வரைக்கும் காட்டுது. ஒழுங்கா போன போடு.”

தயிர்க்கார அண்ணன்

ஏழுமலை அண்ணன் மனைவியோடு வந்தார். மைக் முன் நின்று கூவினார். முள் அசையவில்லை. அக்காவின் கை டெஸ்டரைத் தேடியது. மறுபடியும் கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அண்ணன் தெருமுனையில் நின்று கூவினால் கடைசி வீட்டிலிருந்து சொம்பு எடுத்துக்கொண்டு வருவார்களே, அந்தப் பழைய குரலில் “தயிரேய்” என்றேன். முள் சட்டென்று இடது பக்கம் சாய்ந்து திரும்பியது.

முள்ளில் ஒரு கோளாறும் இல்லை. அமுக்க வேண்டிய அளவுக்கு அண்ணனிடம் சத்தம் மிச்சமில்லை, அவ்வளவுதான். அது அவருக்கும் புரிந்துவிட்டது. அவரும் முள்ளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, நீயே பேசிக் கொடுத்துவிடேன், ஊருக்குத் தெரிந்த குரல் அதுதானே என்று கெஞ்சினார். என்னால் முடியும். அச்சு அசலாக முடியும். அண்ணி கேட்டது அண்ணன் காதில் விழுந்திருக்க வேண்டும். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“என்து கேட்டா, தொண்ட சரியில்லன்னு தெரிஞ்சிக்கினு தயிர வாங்கிக்கினு போயிடுவாங்க. உன்து போட்டா நின்னு பேச்சு குடுப்பாங்க பாப்பா. பதில் சொல்றதுக்கு உன்னயும் வண்டில ஏத்திக்கினு போவணும்.”

எல்லார் குரலிலும் பேசுகிற நான், அவர் மறுபடி கூவி முடிக்கும்வரை, முள் பூஜ்யத்திலேயே நின்ற அந்த நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், சபீரா அக்காவைத் தவிர இந்த ஊரில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.