தப்பாச் சொன்ன விலாசம்

இன்னைக்குச் சித்தூர் பஸ்ஸுல எம்பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. மடியில டிபி மாத்திரை.

"யாருக்கு கண்ணு?"ன்னு கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரருக்குங்கம்மா. ஆஸ்பத்திரியில போன் நம்பர் கேட்டாங்க. கடைசி நம்பரை மாத்திச் சொல்லிட்டு வந்துட்டனுங்க. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாக்கறோம். இது வெளிய தெரிஞ்சா யாரு வருவாங்க?"

எழுபத்தஞ்சாம் வருசம் எங்க ஊட்டுக்காரருக்கு டிபி வந்தப்ப நானும் இதையேதான் செஞ்சேன். மருந்து வாங்க வராதவங்களுக்கு ஆஸ்பத்திரியில இருந்து கார்டு போடுவாங்க. எங்கூர் போஸ்ட்மேன் கார்டைப் படிச்சுட்டுத்தான் குடுப்பாரு. அதுக்குப் பயந்து, எங்கூரு எருத்தேன்பதின்னு சொல்லாம, வேற ஊரு கொல்லங்கோடுன்னு விலாசம் எழுத வச்சேன்.

ரெண்டு மாசத்துல இருமல் நின்னுச்சு. "நல்லாயிருச்சு புள்ள, கடலை புடுங்கற நேரத்துல எதுக்கு அலையறது"ன்னாரு எங்க ஊட்டுக்காரரு. நானும் சரின்னுட்டேன்.

மறுபடி ரத்தமாத் துப்புனப்ப, "வான்னு ஒரு கார்டு போட்டிருந்தா போயிருப்பனே"ன்னு ஆஸ்பத்திரியத் திட்டினாரு. விலாசத்தை மாத்திச் சொன்னதை அவரு சாவற வரைக்கும் நான் சொல்லலை.

இத்தனையும் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். "அது அந்தக் காலமுங்கம்மா. இப்ப நல்ல மருந்து வந்துருச்சு"ன்னா.

அவ எறங்கறப்ப பேரும் ஊரும் கேட்டேன். தயங்காமச் சொன்னா.

அதுவாச்சும் நெசமா இருக்குமுங்களா? நீங்களே சொல்லுங்க.