பூட்டு அதேதான்

திரையை ஒரு விரற்கடை விலக்கி இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதியானதும் வேனின் பின்பகுதியிலிருந்து முன்சீட்டுக்கு ஊர்ந்து வந்து, தலைமுடியைக் கையால் கோதிவிட்டு, கதவைத் திறந்து இறங்குகிறார். இறங்கியதும் அதை வேண்டுமென்றே ஓங்கிச் சாத்துகிறார். எங்கிருந்தோ ஓட்டிவந்து அந்த நிமிஷம்தான் நிறுத்திய மாதிரி இருக்கவேண்டுமாம். எதிர்ச்சாரியில் லாண்டரிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "வந்துட்டீங்களா?" என்பார். "இப்பதான் வந்தேன்" என்பார் இவர். வண்டியின் கண்ணாடியெல்லாம் உள்ளே மூச்சுப் படிந்து வெள்ளை பூத்திருக்கும். அது லாண்டரிக்காரர் கண்ணில் படாமலா இருக்கிறது? ஒன்றரை வருஷமாக அவரும் கேட்கிறார், ஒன்றரை வருஷமாக இவரும் இப்போதுதான் வருகிறார்.

தெருவில் இவருக்குப் பெயர் சாவிக்காரர். வேனின் பக்கவாட்டில் 'எந்தப் பூட்டும் திறக்கப்படும்' என்று நீலப் பெயிண்டில் எழுதி, கீழே போன் நம்பர். உள்ளே ஒருபுறம் சாவி வெட்டும் மெஷின், அதற்கு மேலே ஆணி ஆணியாகத் தொங்கும் பல் வெட்டாத சாவிகள். மறுபுறம் ஒரு பலகை, அதுதான் கட்டில். பலகை ஐந்தரை அடி, ஆள் ஆறடி. முழங்காலை மடக்கிப் படுத்துப் படுத்து, காலையில் முதல் நூறு அடி மனிதர் கூனிக்கொண்டுதான் நடப்பார். தூக்கத்தில் புரண்டால் தொங்குகிற சாவிகள் மொத்தமும் கலகலவென்று ஆடும். பூட்டுக்குள் போடுகிற பொடிப்பொடி ஸ்பிரிங்குகளை, மனைவி மாத்திரை போட்டு வைத்திருந்த ஏழு அறை டப்பாவில் வைத்திருக்கிறார். பலகைக்கு அடியில் பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அதை யாரும் தொடக்கூடாது.

வேலையில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்று கையைப் பிசைகிறவர்கள் போன் செய்தால் போய் நிற்பார். அவர்கள் அவசரப்பட்டால், "பூட்டுக்குக் கோபம் காட்டக்கூடாதுங்க, அது மொரண்டு பிடிக்கும்" என்பார். கம்பியை விட்டு, காதைக் கதவோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு துழாவுவார். பூட்டு விட்டுக்கொடுத்ததும் கதவை ஒரு விரல் அளவு தள்ளுவார். அவ்வளவுதான். சட்டென்று வீட்டுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்துத் திரும்பிவிடுவார். "உங்க வீடு. நீங்க முதல்ல போங்க." முப்பத்தெட்டு வருஷத் தொழிலில், தான் திறந்த வீட்டுக்குள் ஒருமுறைகூட முதலில் எட்டிப் பார்த்ததில்லை. உள்ளே போட்டது போட்டபடி கிடக்கும், அடுத்தவன் கண் ஏன் படவேண்டும் என்பது அவர் கட்சி.

இவ்வளவு கதவுகளைத் திறந்துவிட்டவருக்குத் திறந்து நுழைய ஒரு கதவு இல்லாமல் போனதை என்னவென்று சொல்வது! இருந்தது. மாடியில் இரண்டு அறை, சொந்த வீடு. மனைவி படுத்த படுக்கையானபோது அது ஆஸ்பத்திரிக்குப் போனது. பின்னாலேயே அவளும் போய்விட்டாள். காரியம் முடிந்து, கட்டிக்கொடுத்த மகளும் ஊர் திரும்பிய பிறகு, வாங்கினவர்களுக்கு வீட்டைக் கொடுக்கும் அன்று அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு நானே போட்டுத் தருகிறேன், பழசை எடுத்துக்கொள்கிறேன். பழைய பூட்டை வைத்து இந்த ஆள் என்ன செய்யப்போகிறார் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். துண்டில் சுற்றி வைத்திருப்பது அதைத்தான். மாதம் ஒருமுறை பிரித்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். எந்தக் கதவிலும் இல்லாத பூட்டுக்கு எண்ணெய்!

அந்தப் பூட்டுக்கு உயிரோடு இருக்கிற சாவி ஒன்றுதான், அது மகளிடம் இருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது அவர் கையாலேயே வெட்டி, அரத்தால் ராவி, கன்னத்தில் தேய்த்துப் பிசிறு பார்த்துக் கொடுத்தது. "யாரையும் கேக்க வேணாம், தட்டவும் வேணாம். எப்ப வேணா தொறந்துகிட்டு வா" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வீடு போனதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பிறந்த வீடு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தான் புகுந்த வீட்டில் நாலு பேர் மதிப்பார்கள் என்று ஒரு கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் மாடி வீட்டையே போனுக்குள் மறைத்தார். லாரி சத்தம் கேட்கிறதே என்று அவள் கேட்டால் ஜன்னல் திறந்திருக்கிறது என்பார். போகப்போக அவள் பேசுவது குறைந்தது. போன வருஷத்திலிருந்து மாதத்துக்கு ஒரு போன், அதுவும் நாலு வார்த்தை. குடித்தனம் நன்றாக நடக்கிறது, பெண்ணுக்கு நேரமில்லை என்று மகிழ்ந்துபோனார். பாவி மனுஷன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் கம்பியும் கையுமாக நிற்கும்போது மகளின் போன் வந்தது. பாதிப் பூட்டில் போனை எடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பகல் பதினொரு மணிக்கு அவள் கூப்பிடுகிற வழக்கமும் கிடையாது. எடுத்தார்.

"அப்பா, நான் வந்தா கதவு தொறப்பீங்களா?"

என்ன கேள்வி இது என்று அவருக்கு விளங்கவில்லை. "உன்கிட்டதான் சாவி இருக்கேம்மா" என்றார்.

"அது சேரலப்பா. போன வருஷம் வந்தேன்."

பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னாள். அங்கே அடி பொறுக்க முடியாமல் ஒருநாள் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். நடுப்பகல், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. சாவியைப் போட்டிருக்கிறாள்; உள்ளே போகவே இல்லை. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால், சாவிதான் தேய்ந்துவிட்டது போல என்று நினைத்திருப்பாள். இவள் பூட்டுக்காரர் மகள் ஆயிற்றே! சாவி தேய்ந்திருந்தால் எப்படி முரண்டு பிடிக்கும், பூட்டே மாறியிருந்தால் எப்படி இடிக்கும் என்று விரலுக்குத் தெரியும். அப்பா பூட்டை மாற்றிவிட்டார் என்று தெரிந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் அவள் அழுதபோது, "எல்லா வீட்லயும் இருக்கறதுதாம்மா, கொஞ்சம் பொறுத்துப் போ" என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் இதையும் கூட்டிப் பார்த்தாள், இனி வராதே என்கிறார் என்று விடை வந்தது. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். ஒரு வருஷம். அந்த வீட்டில், இன்னும் ஒரு முழு வருஷம்.

சாவிக்காரர் கம்பியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பல் டாக்டர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது காதில் விழவில்லை.

"பூட்டு அதேதாம்மா," என்றார். "என்கிட்டதான் இருக்கு. வீடுதான் இல்ல."

அம்மாவின் ஆஸ்பத்திரியையும் விற்றதையும் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். அப்புறம், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வண்டியில் என்றார். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தார், அவள், "முட்டி வலிக்கலையாப்பா?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

"சாவிய மறக்காம எடுத்துட்டு வா."

"எதுக்குப்பா?"

"எடுத்துட்டு வாம்மா."

இரண்டு நாள் அறை தேடி அலைந்தார். பார்த்த இடமெல்லாம் ஒரே கேள்வி: இதுவரைக்கும் எங்கே குடியிருந்தீர்கள்? வண்டியில் என்று சொல்ல நா எழவில்லை. பழக்கதோஷத்தில், "இப்பதான் வந்தேன்" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

வியாழக்கிழமை காலை லாண்டரிக்கடையிலிருந்து ஒயர் இழுத்து, டிரில்லிங் மெஷினை மாட்டி, வேனின் பக்கக் கதவில் ஓட்டை போட உட்கார்ந்தார். வீட்டு மரக்கதவுக்குச் செய்த பூட்டு அது. தகரக் கதவில் நிற்பேனா என்றது. உள்ளே கட்டை கொடுத்து, இரண்டு தடவை அளவு தப்பி, மூன்றாவது தடவை உட்கார்ந்தது. மெலிந்த கழுத்தில் கனத்த சங்கிலி மாதிரி அந்த வேனுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. லாண்டரிக்காரர் இஸ்திரியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். இதைத் திருட யார் வரப்போகிறார்கள் என்று கேலி பேச வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். சாயங்காலம், சுத்தமாக மடித்த இரண்டு போர்வைகளைக் கொண்டுவந்து, யாரோ வாங்காமல் விட்டுப்போனது என்று சொல்லிக் கொடுத்தார். சாவிக்காரர் பலகையைத் துடைத்துப் போர்வையை விரித்தார். மகள் அவளுடைய அம்மா உயரம்தான், ஐந்தரை அடி அவளுக்குப் போதும். தன் தலையணையை எடுத்து முன்சீட்டில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரே ஒரு பை. இளைத்திருந்தாள், சட்டையின் இடது கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டிருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, வண்டி நிற்கிற பக்கமாகத் திரும்பி நடந்தார். கேட்டால் உடைந்துவிடுவார் என்று அவருக்கே தெரியும். வேன் வழக்கம்போல் லாண்டரிக்கடை எதிரில் நின்றது. பக்கக் கதவின் முன்னால் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து பார்த்த பூட்டு அது. ஒரு மூலையில் அவள் ஆணியால் கீறிய கோடுகூட அப்படியே இருந்தது.

பைக்குள் கைவிட்டு அடியில் துழாவி சாவியை எடுத்தாள். முதல் தடவை ஓரத்தில் இடித்தது. பதறிப்போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையை நீட்டவில்லை. மறுபடி போட்டாள். உள்ளே போனது, திரும்பியது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சாவிக்காரர் கதவுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.