அபிசீனியக் கொட்டையும் மயிலாப்பூர் மூக்குகளும்

காப்பிப்பொடிக் கடை என்பது, வாடிக்கையாளர் உங்களைத் திருடன் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டு, அப்புறம் ஆயுசு முழுக்க உங்களிடமே வாங்குகிற தொழில். மாவு மில் வைத்திருப்பவர்களுக்கும் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே படகில்தான் போகிறோம். கண்ணெதிரே அரைத்துக் கொடுத்தாலும், பொட்டலம் கட்டும்போது மாற்றிவிட்டான் என்பார்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு ஒரு கடை இருந்தது. நந்தனத்தில் பார்த்துவந்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, கடை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வாடகை கொடுக்கவே மூச்சு முட்டியது. அந்த மார்கழிக் கச்சேரி சீசனுக்கு ஒரு சபா கேன்டீனை எடுத்திருந்த சமையல் காண்டிராக்டர் பஞ்சாபகேசன், பொடி யாரிடம் வாங்கலாம் என்று கடை கடையாக ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் பொங்கலுக்குள் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழைய மானேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சினர் எத்தியோப்பியாவிலிருந்து, அதாவது பழைய அபிசீனியாவிலிருந்து, வந்து இறங்கினார்.

சூட்கேஸ் வாசனை

மச்சினர் சந்தானம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டு வருவார்கள். இவர் சூட்கேசைத் திறந்தால் உள்ளே பதினைந்து கிலோ வறுக்காத காப்பிக்கொட்டை. ஒரே மலைச்சரிவில் விளைந்ததாம். பழத்தின் சதையை நீக்கி, ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்ததாம். "உங்க கடைக்குத்தான், மாப்பிள்ளை" என்றார்.

மச்சினர் ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கல்யாணத்தின்போது அவர் கட்டிவிட்ட கைக்கடிகாரம் மூன்றாம் மாதமே நின்றுபோனது. ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தேன், கடித்தேன். பல் வலித்ததே தவிர குற்றம் எதுவும் அகப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி வசந்தா சொன்னாள்: "எங்கண்ணா என்ன, வெடிகுண்டா கொண்டுவந்திருக்கான்? காப்பிக்கொட்டையைப் போய் போலீஸ்காரன் மாதிரி மோந்து மோந்து பாக்கறேள்!"

பாதியில் எடுத்த வறுவல்

எங்கள் கடையில் வறுப்பவர் ஆறுமுகம். கோட்டூர்புரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அவருக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். மெஷினுக்குள் கொட்டை படபடவென்று வெடித்து அடங்கி, இரண்டாம் முறை சடசடக்கும்போது, புகை மண்டி எண்ணெய் மினுக்கும் நேரத்தில்தான் கீழே கொட்டுவார். அன்றைக்கு மச்சினர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, முதல் வெடி அடங்கியதுமே "எடு, எடு!" என்று கத்தினார்.

கொட்டை லவங்கப்பட்டை நிறத்தில் வந்து விழுந்தது. எலுமிச்சைத் தோலும் மல்லிகையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. காப்பி வாசனையைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. ஆறுமுகம் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா சார், மச்சான் சொல்றாருன்னு பாதியில எடுக்கச் சொல்றீங்க? இது வேகவே இல்ல. நாளைக்கு எவனாவது வயித்தப் புடிச்சிக்கினு வந்தான்னா அவரு ஏரோப்ளேன் ஏறிடுவாரு. நான்தான் மாட்டிக்கினு முழிப்பேன்!"

சிலேட்டில் எழுதிய புத்தி

கடை வாசலில் ஒரு சிலேட்டு மாட்டியிருப்பேன். அதில் "எத்தியோப்பியா காப்பி, ஒரே தோட்டம், கழுவிய கொட்டை" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். எந்தப் பாவி சொன்னானோ, கழுவியது என்றால் உயர்வு என்று ஜனங்களுக்குத் தெரியும் என நினைத்துவிட்டேன்.

முதலில் வந்தவர் ராஜலக்ஷ்மி மாமி. ரிடையரான பள்ளிக்கூட டீச்சர். கையில் எவர்சில்வர் சம்படம். நான் சிக்கரியை அதிகமாகப் போட்டுவிடப் போகிறேனோ என்று, அரைத்து முடிக்கும்வரை மெஷின் வாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். சிலேட்டை ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்: "அப்போ ரெண்டு வருஷமா எங்காத்துக்குக் கழுவாததைத்தான் போட்டுண்டிருந்தேளா?"

மூடி வந்த டம்ளர்

நான் முன்பு கொடுத்ததும் கழுவியதுதான் என்று சத்தியம் செய்தேன். மாமி நம்பவில்லை. ஆனாலும் உண்மையைக் கண்டுபிடிக்கவென்றே கால் கிலோ வாங்கிப் போனார். பால் விடாமல் டிகாக்ஷனாகக் குடித்துப் பாருங்கள் என்று மச்சினர் சொல்லியனுப்பினார். மயிலாப்பூரில் பால் விடாத காப்பிக்குக் கஷாயம் என்று பெயர். மாமி தாராளமாகப் பால் விட்டிருக்கிறார்.

மறுநாள் காலை தட்டு போட்டு மூடிய டம்ளரோடு வந்தார். திறந்தால், காப்பி திரிதிரியாகத் திரிந்து கிடந்தது. அந்தக் கொட்டைக்குப் புளிப்பு ஜாஸ்திதான். ஆனாலும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பால் பழசோ என்று இழுத்தேன். மாமி நிதானமாகச் சொன்னார்: "பால் எங்காத்து வாசல்ல கறந்தது. உங்க கொட்டைதான் ப்ளேன்ல வந்தது."

ஒரு கைப்பிடி மறதி

மாமியின் சந்தேகத்தைத் தீர்க்க, அவர் முன்னாலேயே எத்தியோப்பியாவைப் புதிதாக அரைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சரியாக அப்போதுதான் காண்டிராக்டர் பஞ்சாபகேசன் உள்ளே வந்தார். மாமி கையில் திரிந்த டம்ளர். அது அவர் கண்ணில் படக்கூடாதே! குறுக்கே நின்று மறைத்துக்கொண்டு, அவசர அவசரமாக அவருக்கு வழக்கமான பீபரிக் கொட்டையையும் சிக்கரியையும் அரைத்து, சாம்பிள் கட்டி அனுப்பினேன்.

அரைக்கும் மெஷினில் முந்தைய பொடி ஒரு கைப்பிடியாவது தங்கும். அடுத்தவருக்கு அரைக்கும்போது முதலில் விழுகிற பொடியைத் தனி டப்பாவில் தள்ளிவிடுவது தொழில் வழக்கம். அவர் போன பிறகு பார்த்தால் அந்த டப்பா காலி. பால் திரிந்த அதே புளிப்பு, சபா கேன்டீன் சாம்பிளுக்குள் போய்விட்டது. ஆறுமுகம் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆர்டர் அவ்ளோதான் சார். நந்தனத்துல உங்க சீட்டு காலியா கீதான்னு கேட்டுக்கினு வாங்க."

எல்லா மூடியும் திறந்தது

மூன்றாம் நாள் பஞ்சாபகேசன் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன ஓய் கலந்தீர் அதுல? ஏழு கடைப் பொடி குடிச்சேன். உம்மோடதுதான் குடிச்சு முடிச்ச அப்புறமும் தொண்டையில மணக்கறது. அதையே கொடும்" என்றார்.

ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை பிழைத்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்னிடம் இருந்ததோ ஒன்பது கிலோ மிச்சம். ஒரு மாதக் கேன்டீனுக்கு அது எந்த மூலைக்கு? முதல் வாரத்திலேயே ருசி மாறும், மானம் போகும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: மச்சினர், டம்ளர், மெஷினில் தங்கிய பொடி, என் மறதி. அவர் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. நான் சரக்கைப் பதுக்குகிறேன் என்று எழுந்துபோய் ஒவ்வொரு டின்னின் மூடியையும் திறந்து பார்த்தார். கொட்டை வந்த சூட்கேசும் கடையில் கிடந்தது, அதைக்கூட விடவில்லை. ஆறுமுகத்தைத் தனியாக விசாரித்தார். திரும்பி வந்து சொன்னார்: "மெஷினைச் சுத்தம் பண்ணாம அரைச்சேன்னு தன் வாயால சொல்ற காப்பிக்கடைக்காரனை இப்பத்தான் பாக்கறேன். வழக்கமான பொடியையே போடும், ஆர்டர் உமக்குத்தான். ஆனா அரைக்கறப்போ எங்காள் ஒருத்தன் பக்கத்துலயே நிப்பான். இவ்வளவு உண்மை பேசறவனை ரொம்ப நம்பக்கூடாது, ஓய்!"

ஆக, என்னைக் கொஞ்சமும் நம்பாதவர்கள்தான் என் கடையைக் காப்பாற்றினார்கள். நம்பிப் பதினைந்து கிலோ சுமந்து வந்த ஒரே மனிதர் என் மச்சினர், அவரைத்தான் நான் இன்றுவரை நம்பவில்லை.