சந்தன நிறப் பட்டில் ஒரு கறை

பஸ் ஸ்டாண்டு கடையில் சூடான பஜ்ஜியைக் கையில் வாங்கியதும் ஆரணியில் எங்கள் வீட்டுத் தறி ஞாபகத்துக்கு வந்தது. தொண்ணூறுகளில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, டாக்டர் எண்ணெய்ப் பலகாரங்களை நிறுத்தச் சொல்லியிருந்தார். அம்மா கேழ்வரகுக் களியும் கீரையுமாகப் போட்டாள். அப்பா தட்டைக் காலி செய்தார்.

ஒருநாள், முதலாளிக்காக அப்பா தறியில் நெய்துகொண்டிருந்த சந்தன நிறப் பட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. தெருவில் விற்றுக்கொண்டு வந்த பஜ்ஜியை ஜன்னல் வழியாக வாங்கித் தின்றிருக்கிறார். கை கழுவப் போனால் அம்மா பார்த்துவிடுவாள் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு நெய்திருக்கிறார்.

"இன்னாங்க இது? எத்தினி நாளா துன்னுகினு இருக்கீங்க?" என்றாள் அம்மா.

"இத்த எப்பிடிடி முதலாளிகிட்ட குடுப்பேன்?" என்றார் அப்பா. நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றோடு பஜ்ஜி நின்றது. தான் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தினார் என்று டாக்டர் நம்பினார். களியும் கீரையும் சாப்பிட்டு அப்பா நெடுங்காலம் நெய்தார்.

போன வாரம் எனக்கும் டாக்டர் அதையேதான் சொன்னார். எனக்கு வேலை கம்ப்யூட்டரில். கீபோர்டில் எண்ணெய் பட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. விரலைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ப்ளேட் குடுங்க" என்றேன்.